கரண்ட் குழி

அம்மாவுக்காக இடித்துக் கட்டிய குளியலறையில் முதலில் குளிக்க வந்தது சாக்கடைத் தண்ணீர்தான். தரை மூலையில் இருந்த சல்லடை மூடியின் ஓட்டைகள் வழியாகக் குமிழியிட்டு மேலே வந்தது. புத்தம் புது வெள்ளை டைல்ஸின் மேல் அவசரமே இல்லாமல் பரவி, சுவரில் பொருத்தியிருந்த கைப்பிடிக் கம்பிக்குக் கீழே போய்த் தேங்கி நின்றது. ஏதோ அம்மாவுக்கு முன்னால் அதுதான் கம்பியைப் பிடித்துப் பார்க்க வந்தது போல.

வேன் அக்கா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகள் வைத்த பெயர் தெருவுக்குப் பரவி, இப்போது பால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். பின்னால் வேன் முழுக்கப் பிள்ளைகள் ஒரே சுருதியில் அழுதாலும் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்காதவள். அந்தக் கைகள் இரண்டும் இப்போது இடுப்பில் இருந்தன.

"இன்னிக்குன்னு பார்த்து வருதே," என்றாள். "நேத்து வந்து தொலைச்சிருக்கக் கூடாதா?"

இன்று சாயங்காலம் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, சக்கர நாற்காலியில் வருகிறாள். எங்கே வருகிறாள் என்பதில்தான் வழக்கு. என் வீட்டுக்கு என்கிறாள் அம்மா. என் வீட்டுக்கு என்கிறான் அண்ணன். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரின் இன்னொரு கோடியில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறான். மேலே போகிற எதிலும் அவனுக்கு நம்பிக்கை உண்டு. கீழே போகிற எதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பான். பேசிப் பேசி இருவரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். கீழ்வீட்டுக் குளியலறை நாற்காலி உள்ளே போகிற மாதிரி, வழுக்காமல், நாற்றம் இல்லாமல் இருந்தால் அம்மா இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நேராக ஒன்பதாவது மாடி.

"அப்புறம் மூக்கைச் சிந்தக் கூடாது," என்று அண்ணன் தங்கையிடம் சொல்லியிருந்தான்.

ஒன்பதாவது மாடிக்குப் போனால் அம்மா திரும்பமாட்டாள் என்று வேன் அக்காவுக்குத் தெரியும். அண்ணன் கெட்டவனாக இருந்திருந்தால் சுலபமாகச் சண்டை போட்டிருக்கலாம். அவன் நல்லவன். அங்கே எல்லா வசதியும் இருக்கும். ஜன்னலைத் திறந்தால் மேகம் இருக்கும். ஆனால் கேட்டைப் பிடித்துக்கொண்டு போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி ஊர்க்கதை கேட்கிற ஒருத்திக்கு, மேகத்தோடு என்ன பேச்சு இருக்கப்போகிறது?

அவர்கள் குடியிருக்கும் மாடிவீட்டிலிருந்து அவள் கணவன் இறங்கி வந்தான். பேக்கரி மாஸ்டர். விடுமுறை நாளிலும் அவன் மேல் ரொட்டி வாசனை அடிக்கும். ஒரு கையில் வெந்நீர்ப் பானை, இன்னொரு கையில் அடைப்பு நீக்கும் பொடி, அக்குளில் ஆசிட் பாட்டில்.

"எண்ணெய்ப் பிசுக்காத்தான் இருக்கும். எங்க பேக்கரியில மாசா மாசம் பார்க்கிறேனே. பொடியைப் போட்டு, ஆசிட்டை ஊத்தி, மேல வெந்நீரை விட்டா..."

"விட்டா நீயும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அம்மா படுக்கை இன்னிக்குத்தான் காலியாகுது." அவள் ஆசிட் பாட்டிலைப் பிடுங்கிப் படியில் வைத்தாள். "ரெண்டு மருந்தையும் கலந்தா மூச்சு முட்டும்யா. பொடியும் வேண்டாம். தண்ணி தேங்கி நிக்கும்போது மருந்து அடைப்புக்கிட்டயே போகாது, இங்கயே கரைஞ்சு நிக்கும். அப்புறம் கை விடுறவனுக்குக் கைதான் வெந்துபோகும்."

"அப்போ வெந்நீர்?"

"அதுல காபி போடு."

கமோடின் வாயையும் கைகழுவும் தொட்டியின் வாயையும் ஈரத்துணியால் அடைத்துவிட்டு, ரப்பர் பம்பைச் சல்லடைக் குழியின் மேல் வைத்து அமுக்கினாள். துணி அடைக்காவிட்டால் இங்கே கொடுக்கிற அழுத்தம் அங்கே காற்றாகப் போய்விடும். தோள்பட்டை வலிக்கிற வரை அமுக்கினாள். தண்ணீர் கொஞ்சம் இறங்குவது போல ஆசை காட்டிவிட்டு மறுபடியும் ஏறியது. அதுமட்டுமல்ல, பக்கத்தில் இருந்த சமையலறைத் தொட்டிக்குள் யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம்.

"ஒரு வாய் மட்டும் அடைச்சிருந்தா அங்க சத்தம் வராது," என்றாள். "எல்லாம் சேர்ந்து போற பெரிய பைப்புலதான் கோளாறு. பைப் டாக்டரைக் கூப்பிடு."

பைப் டாக்டர் என்பது பிளம்பருக்குத் தெரு வைத்த பெயர். சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசுவார். பேசினால் பெரும்பாலும் ஆபரேஷன் என்பார். ஸ்கூட்டரின் பின்னால் சுருட்டிய ஸ்பிரிங் கம்பியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

முதலில் வீட்டின் பின்மூலையில் இருந்த சேம்பரைத் திறந்தார்கள். முழங்கால் ஆழத்துக் கட்டம். குளியலறையும் சமையலறையும் அங்கேதான் வந்து சேரும். அது விளிம்பு வரை நிரம்பி, மேலே வெள்ளையாகப் பிசுக்கு படர்ந்து, கல்யாண வீட்டுப் பாத்திரம் கழுவின அண்டா மாதிரி இருந்தது. பிறகு கேட்டருகில் இருந்த சேம்பர். அதற்குள் இரண்டு குழாய் வாய்கள். மாடிவீட்டுக் குழாய் தனியாக மறுபக்கமாக இறங்கி வருகிறது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுக் குழாயின் வாய் காய்ந்து கிடந்தது. ஒரு சிலந்தி அதில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"தெருவுக்குப் போற வழி நல்லாருக்கு," என்றாள் வேன் அக்கா. "பின்னாடி ரொம்பியிருக்கு, முன்னாடி காஞ்சிருக்கு. அப்போ நடுவுலதான்."

"நடுவுலதான் அக்கா. வேர்." பைப் டாக்டர் பக்கவாட்டில் நின்ற கொய்யா மரத்தைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஜாயிண்ட்ல ஒரு முடி அளவு விரிசல் இருந்தாப் போதும், ஈரத்தை மோப்பம் புடிச்சு உள்ள வந்துடும். மரத்தை வெட்டணும், சுவரோரமா முழுசாத் தோண்டணும், பைப்பை மாத்தணும். ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா? எங்கம்மா சாயங்காலம் வர்றாங்க."

"அம்மாவை ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்லுங்க."

"டாக்டர், முதல்ல கம்பியை விடுங்க. ஆபரேஷனை அப்புறம் பேசலாம்."

பின் சேம்பரிலிருந்த தண்ணீரை வாளியால் மொண்டு டிரம்மில் சேர்த்துவிட்டு, கையுறையோடு அவர் கம்பியை உள்ளே செலுத்தினார். அது வீட்டின் பக்கவாட்டில் மண்ணுக்கடியில் கரகரவென்று ஊர்ந்து போனது. கொய்யா மரத்தைத் தாண்டியும் போனது. பிறகு 'டங்' என்று நின்றது. சுழற்றினார், பின்னால் இழுத்து இடித்தார்; நகரவில்லை. சேம்பர் வாயருகே கம்பியில் கட்டை விரலை அடையாளமாக வைத்துக்கொண்டு அதை உருவியபோது வேன் அக்கா அதன் நுனியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். வேர் ஒரு நூல்கூட இல்லை. நுனியில் சாம்பல் நிறத்தில் ஏதோ மாவு ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தால் நறநறத்தது.

"வேருன்னா வேர் வந்திருக்கணும்ல?"

"வரணும்தான்," என்றார் டாக்டர், மரத்தின் மீதான வழக்கை விட மனமில்லாமல்.

"கம்பி நின்ன இடத்துல கட்டை விரலை வெச்சிருந்தீங்களே, எடுக்காதீங்க. அப்படியே வாங்க."

வேனை ரிவர்ஸ் எடுத்து எடுத்து அவளுக்குத் தூரம் கண்ணில் பழகியிருந்தது. ஆனால் இன்று கண்ணை நம்புவதாக இல்லை. நுனியிலிருந்து அவருடைய கட்டை விரல் வரை கம்பியைக் குழாய் போகிற வழிக்கு நேர் மேலே தரையில் நீட்டினார்கள். அது பக்கச் சந்தைக் கடந்து, வீட்டு முன்மூலையில் திரும்பி, வாசலுக்கு முன்னால் போய் முடிந்தது. அதே போலக் கேட் சேம்பரிலிருந்து எதிர்ப்பக்கமாகக் கம்பியை விட்டு, அந்த நீளத்தையும் தரையில் போட்டார்கள். அதுவும் வாசலுக்கு முன்னால் வந்து முடிந்தது.

இரண்டு நுனிகளும் சந்தித்துக்கொண்ட இடத்தில் அண்ணன் கட்டிய சாய்தளம் இருந்தது.

போன வாரம்தான் கட்டினான். அம்மாவின் நாற்காலி ஏறுவதற்காக, வாசல்படி மேல் வழவழவென்று ஒரு சிமெண்ட் சரிவு. கொத்தனாரை நம்பாமல், லீவு போட்டு, ரசமட்டம் வைத்துத் தானே கட்டினான். தினமும் ஒன்பதாவது மாடியிலிருந்து இறங்கி வந்து அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனான். செடிக்குக்கூட அப்படி யாரும் ஊற்றமாட்டார்கள்.

"இந்தத் திருப்பத்துல ஒரு சேம்பர் இருக்கணுமே," என்றார் டாக்டர். "பைப் திரும்புற இடத்துல சேம்பர் இல்லாம எவனும் கட்டமாட்டான்."

"இங்க சேம்பர் இல்லையே," என்றாள் வேன் அக்கா. "இங்க கரண்ட் குழிதான் இருந்துச்சு."

சொல்லும்போதே அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. சின்ன வயதில் அந்தச் சதுர மூடியைத் தாண்டித் தாண்டிப் போனவர்கள் அவளும் அண்ணனும். தொட்டால் கரண்ட் அடிக்கும் என்று அப்பா சொல்லியிருந்தார். பந்து அதன் மேல் போய் உட்கார்ந்தால் குச்சியால் தட்டித்தான் எடுப்பார்கள். பெரியவளாகி, கல்யாணமாகி, வேன் ஓட்ட ஆரம்பித்த பிறகும் அவள் கால் அந்த மூடியைத் தானாகவே தாண்டியது.

அப்போதுதான் கேட் திறந்து அண்ணன் வந்தான். கையில் அம்மாவுக்கான புதுத் தலையணை, பையில் ரசமட்டம். டிரம்மையும் கம்பியையும் பார்த்தான். மூக்கைச் சுளித்தான்.

"என்ன குட்டி இது?"

மறைக்க வழியில்லை. சொன்னாள். அவன் தலையணையைக் கட்டிப்பிடித்தபடியே கேட்டான். முகத்தில் வெற்றி எதுவும் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு அதிகம் எரிச்சலாக இருந்தது.

"சரி விடு. நீ முயற்சி பண்ணினே. அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்."

"இன்னும் சாயங்காலம் ஆகலைண்ணே. உன் ரேம்ப்பை உடைக்கணும்."

"என்னது?"

"ரேம்ப்பை. அதுக்கு அடியிலதான் அடைச்சிருக்கு."

"அடியில கரண்ட் கேபிள் போகுது! நானே பார்த்துப் பார்த்து மூடியோட சேர்த்து சீல் வெச்சிருக்கேன். அம்மா ஈரக்காலோட வந்தா ஷாக் அடிக்கக் கூடாதுன்னு மூடியைச் சுத்தி சிமெண்ட் பால் ஊத்தி, ஒரு பொட்டு இடைவெளி இல்லாம... மூடி மூலை வேற உடைஞ்சிருந்துச்சு, அது குடிக்கக் குடிக்க ஊத்தினேன். அதுல போய் உளி வைப்பியா? கரண்ட்ல வேலை பாக்குறவன் சொல்றேன், கேளு."

வேன் அக்கா தன் விரலைப் பார்த்தாள். சாம்பல் மாவு அங்கே இன்னும் ஒட்டியிருந்தது.

பேக்கரி மாஸ்டர் காபி டம்ளர்களோடு வந்து நின்றான். இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். இந்த வீட்டுப் பயங்களோடு வளராதவன்.

"மச்சான், ஒரு சந்தேகம். மீட்டர் அந்தப் பக்கச் சுவத்துல இருக்கு. ஒயர் போஸ்ட்லேர்ந்து மேலால வருது. அப்போ இந்தக் கேபிள் எங்கேர்ந்து வருது, எங்க போகுது?"

அண்ணன் வாயைத் திறந்தான். போஸ்டைப் பார்த்தான். மீட்டரைப் பார்த்தான். மேலே காற்றில் தொங்கிய ஒயரைக் கண்ணாலேயே வீடு வரை கொண்டுவந்தான். ஊரிலுள்ள பாதி லிஃப்டுகளுக்கு ஒயர் இழுத்தவன், தன் வீட்டு வாசலில் நின்று அந்தக் கேள்வியை ஒருமுறையும் கேட்டதில்லை.

"அம்மாகிட்டக் கேக்கலாம்," என்றாள் வேன் அக்கா.

"விஷயம் தெரிஞ்சா அம்மா பதறுமே. யாருக்கும் தொந்தரவு வேண்டாம்னு தானா எங்கிட்ட வர்றேன்னு சொல்லிடும்."

"உனக்கு அது நல்லதுதானே?"

அவன் தலையணை உறையின் சுருக்கத்தை நீவினான். அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, சும்மாதான். பழைய கதை பேசிட்டிருந்தோம். வாசல்ல கரண்ட் குழி இருந்துச்சே, அதுல நிஜமாவே கரண்ட் இருந்துச்சா?"

மறுமுனையில் ஆஸ்பத்திரிச் சத்தம். பிறகு சிரிப்பு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்கு நடுவே வந்த சிரிப்பு.

"அடிப் பைத்தியமே, அது சாக்கடை மூடிடி. உங்கண்ணன் அதைத் தூக்கித் தூக்கி உள்ள எட்டிப் பார்ப்பான். ஒரு தடவை செருப்பு, ஒரு தடவை கரண்டி, ஒரு தடவை உன்னையே உள்ள விடப் பார்த்தான். அதான் உங்கப்பா கரண்ட்னு ஒரு போடு போட்டார். அன்னிக்கு அடங்கினவன்தான். ஏன், இன்னுமா நம்பிட்டிருக்கீங்க?"

"இல்லம்மா, சும்மாதான்," என்றான் அண்ணன், தலையணைக்குள் பேசுவது போல.

"கரண்ட் வேலைக்கே போயிட்டான், இன்னும் நம்பறான் பாரு," என்று அம்மா பக்கத்தில் யாரிடமோ, நர்ஸிடமாக இருக்கும், சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் போனை அணைத்தாள்.

யாரும் அண்ணனைப் பார்க்கவில்லை. பைப் டாக்டர் காபியைப் பார்த்தார். பேக்கரி மாஸ்டர் கொய்யா மரத்தைப் பார்த்தான்.

வேன் அக்கா யோசித்தாள். சாய்தளத்தை உடைத்தால், குழாய் சரியாகலாம். ஆனால் நாற்காலி ஏற வழி இருக்காது. உடைக்காவிட்டால் நாற்காலி ஏறும். ஏறி வந்து எதற்கு? உடைத்தும் உள்ளே சரியாகாவிட்டால் இரண்டும் போச்சு. மறுத்துச் சொல்ல ஒரு வார்த்தைகூட மிஞ்சாது.

சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு மண்டியிட்டாள். முதல் அடி வழுக்கியது. இரண்டாவது அடி அவள் கட்டை விரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. சாய்தளத்தில் ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு, அவ்வளவுதான். அண்ணன் வேலை என்றால் சும்மாவா?

"இப்படிப் புடிச்சா அடுத்த வருஷம்தான் உடையும்," என்று மேலிருந்து குரல் வந்தது. "எந்திரி."

"மாட்டேன்."

"எந்திரி குட்டி. எங்க கம்பி கட்டியிருக்கேன், எங்க கட்டலைன்னு எனக்குத்தான் தெரியும்." அவன் தலையணையை அவள் மடியில் போட்டுவிட்டு உளியை வாங்கினான். ஒரு முறை உள்ளங்கையால் சிமெண்டைத் தடவினான். பிறகு ஓங்கி அடித்தான்.

அவன் அடித்தான், அவள் சில்லுகளைக் கூடையில் அள்ளினாள், மாஸ்டர் கொண்டுபோய்க் கொட்டினான். சாய்தளத்தின் நடுவில் ஒரு சதுரம் திறந்தது. அதற்கடியில் பழைய மூடி. கடப்பாரையால் நெம்பியபோது அண்ணனின் கை ஒரு நொடி தயங்கியதை அவள் பார்த்தாள். பார்க்காதது போல இருந்துவிட்டாள். அவள் கால்விரல்களும் செருப்புக்குள் மடங்கித்தான் இருந்தன.

மூடி எழுந்தது. உடைந்த மூலைக்கு நேர் கீழே, ஓடையாகத் தண்ணீர் போகவேண்டிய அரைவட்டப் பள்ளத்தில், சிமெண்ட் பால் இறங்கி உறைந்து, பெரிய ரொட்டி போல உப்பிக் கிடந்தது.

"நல்லா வெந்திருக்கு," என்றான் பேக்கரி மாஸ்டர்.

அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இதை அப்படியே உடைச்சா சில்லெல்லாம் கேட் பக்கம் உருண்டு போய் அங்க அடைக்கும்," என்று பைப் டாக்டர் இப்போது சுறுசுறுப்பானார். சாக்கைச் சுருட்டி வெளியே போகிற குழாய் வாயில் அடைத்தார். சாக்கில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை வேன் அக்காவின் மணிக்கட்டில் முடிந்தார். "துணியை உள்ள மறந்துட்டு மூடினவங்க நிறைய பேர் இருக்காங்க அக்கா. நானும் இருக்கேன்."

உள்ளே இறங்கவேண்டிய ஆழமில்லை. வயிற்றைத் தரையில் வைத்துக் குப்புறப் படுத்து, கையை விட்டு அண்ணன் கொத்தினான். பள்ளத்தின் அடி உடைந்துவிடாமல் மெதுவாகக் கொத்தினான். சிமெண்ட் ரொட்டி துண்டு துண்டாக வந்தது. கடைசித் துண்டு நகர்ந்ததும் பின்பக்கம் தேங்கியிருந்தது எல்லாம் பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்து சாக்கில் முட்டி நின்றது. சில்லுகளை அள்ளி, சொரசொரப்பான இடத்தில் தண்ணீருக்கடியிலும் சீக்கிரம் இறுகும் சிமெண்டைப் பூசி, அது இறுகியதும் டாக்டர் தலையசைத்தார். வேன் அக்கா மணிக்கட்டால் கயிற்றை இழுத்தாள். சாக்கு வெளியே வந்தது. தண்ணீர் ஒரு சுழற்சி சுழன்று, வழி தெரிந்த பிள்ளை மாதிரி திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

குளியலறையில் மாஸ்டர் வாளி வாளியாக ஊற்றினான். ஊற்றினதெல்லாம் குழியைக் கடந்து கேட் பக்கம் போனது. சிலந்தி வேறு வீடு பார்த்துக்கொண்டது.

"நாற்காலி?" என்றான் அண்ணன். சாய்தளத்தின் நடுவில் வாயைத் திறந்துகொண்டு குழி. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. புதிதாகப் பூசினால் இன்றைக்குக் காயாது.

வேன் அக்கா எழுந்து போய் வேனின் கதவைத் திறந்தாள். பிள்ளைகள் ஏறி இறங்கித் தேயக்கூடாதென்று தரையில் அலுமினியத் தகடு அடித்திருந்தாள். கால் வழுக்காமல் இருக்க மேலே கோடு கோடாகப் புடைத்த தகடு. திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தகடு குழியையும் தாண்டிச் சாய்தளத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. மூடியைப் போட்டு அதன் மேல் தகடு. வேண்டும்போது இரண்டு பேர் தூக்கினால் போதும், உடைக்க வேண்டியதில்லை. அண்ணன் ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தான்.

"ஒரு பக்கமா லேசாச் சாயுது."

"சாயட்டும்ணே. மழைத்தண்ணி போக வாட்டம் வேணும்."

அவன் ரசமட்டத்தைப் பைக்குள் போட்டான்.

வேனிலேயே போய் அம்மாவை அழைத்து வந்தார்கள். அம்மாவின் துணிப்பெட்டியை அண்ணன் தன் காரில் ஏற்றிப் பின்னாலேயே வந்தான். கேட்டருகே காரை நிறுத்தினான், பெட்டியை இறக்கவில்லை. வேன் அக்கா அதைக் கவனித்தாள். தகட்டின் மேல் நாற்காலியை ஏற்றினார்கள்.

"இது என்னடா, தகர டப்பா மாதிரி சத்தம்? நீ கட்டினது சிமெண்டுன்னு சொன்னே?"

"சிமெண்டும் இருக்கும்மா. அடியில."

அம்மா கேட்டைத் திரும்பிப் பார்த்தாள், கொய்யா மரத்தைப் பார்த்தாள், மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். "முதல்ல பாத்ரூம். ஆஸ்பத்திரியில பெட்பேன்னு ஒரு ஓடத்துல உக்காந்து உக்காந்து மானம் போச்சு."

வேன் அக்கா உள்ளே கூட்டிப் போய், கம்பியைப் பிடிக்கச் சொல்லி உட்காரவைத்தாள். "நீ போ, நான் பார்த்துக்கிறேன்," என்று அம்மா விரட்டினாள். கதவை ஒருக்களித்துவிட்டு அவள் வாசலுக்கு ஓடினாள். அங்கே ஏற்கெனவே தகட்டைத் தள்ளி மூடியைத் தூக்கிவிட்டிருந்தார்கள். அண்ணன், கணவன், பைப் டாக்டர் மூவரும் குழியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். அவளும் குந்தினாள். கீழே பள்ளத்தில் ஈரம் மட்டும் மினுங்கியது. வாளித் தண்ணீர் வேறு. மனுஷர் உபயோகிப்பது வேறு.

உள்ளே ஃப்ளஷ் இரைந்தது.

ஒன்றும் வரவில்லை. பைப் டாக்டர் காதைத் தரையில் வைத்தார். வேன் அக்கா தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கயிறு கட்டியிருந்த தடம் அங்கே சிவந்திருந்தது.

"டேய்," என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல். "கதவிடுக்கு வழியா வாசல் வரைக்கும் தெரியுது. எல்லாரும் அங்க உக்காந்து என்னத்தைப் பாக்குறீங்க?"

"கரண்ட் வருதான்னு பாக்குறோம்மா," என்று அண்ணன் கத்தினான்.

அப்போது மூலை திரும்பி, ஒரு இரைச்சலோடு, அது வந்தது. பள்ளம் நிறைய வந்து, எதிலும் இடிக்காமல், எதையும் விட்டுவைக்காமல் கேட்டை நோக்கிப் போனது. பின்னாலேயே காற்றின் ஒரு சின்ன ஏப்பம். பிறகு அமைதி.

"வந்துடுச்சு!" என்று பேக்கரி மாஸ்டர் துள்ளி எழுந்தான்.

வேன் அக்கா மட்டும் எழவில்லை. கடைசிச் சொட்டு போகிறவரை பார்த்துவிட்டு, மூடியைத் தன் கையாலேயே எடுத்துப் பொருத்தினாள். இந்த முறை கால்விரல்கள் மடங்கவில்லை. அவளும் கணவனும் தகட்டை மறுபடி மேலே இழுத்துப் போட்டார்கள்.

கேட்டுக்கு வெளியே கார் டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், தகட்டின் மேல் கடகடவென்று சக்கரம் உருள, அண்ணன் அம்மாவின் பெட்டியை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான்.